ஏற்றத்தில் மட்டும் பிடித்த தண்ணீர்

அவரை ஊரே 'பாட்டில்' என்றுதான் கூப்பிடும். புதிதாகக் குடிவந்தவர்கள், "பாட்டில் வந்தாச்சா? பாட்டில் தூங்கிடுச்சா?" என்று தெருவில் பேசிக்கொள்வதைக் கேட்டு, பெரிய குடிகாரர் போலிருக்கிறது என்று கதவைச் சாத்திக்கொள்வார்கள். பாவம், மனுஷன் இருமல் மருந்தையே முகர்ந்து பார்த்துவிட்டு மூடிவைக்கிற ரகம். அவர் கையில் எப்போதும் இருப்பது தண்ணீர் பிடிக்கிற கண்ணாடி பாட்டில். அந்தப் பெயர் ஒட்டியது அதனால்தான்.

ஆறு கடலில் போய்க் கலக்கிற கழிமுகத்துக்கு அவர்தான் வைத்தியர் மாதிரி. வாரத்துக்கு ஒருநாள் ஆபீஸ் படகில் போய், ஐந்து இடத்தில் தண்ணீர் பிடித்து, அதற்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். பாட்டிலைத் தண்ணீருக்குள்ளேயே முக்கி, தண்ணீருக்குள்ளேயே மூட வேண்டும். ஒரு குமிழி உள்ளே மாட்டினாலும் அத்தனையும் வீண். குமிழியைத் தட்டி விரட்டுவதில் அவரை மிஞ்ச ஏழு கடலிலும் ஆள் கிடையாது. பிறகு சொட்டுக்குழாயால் முதல் மருந்து, அடுத்து இரண்டாவது மருந்து. தண்ணீரில் மூச்சுக்காற்று இருந்தால் உள்ளே பழுப்பாகத் திரியும். இல்லாவிட்டால் வெள்ளையாகத் திரியும். பழுப்பென்றால் மீனும் மட்டிச் சிப்பியும் மூச்சு விடலாம். வெள்ளையென்றால் சங்குதான்.

பதினொரு வருஷத்தில் பாட்டில் ஒரு தடவைகூட வெள்ளையைப் பார்த்ததில்லை. எப்போதும் பழுப்பு. டீக்கடைக்காரர் பார்த்தால் பொறாமைப்படுகிற பழுப்பு.

பிடித்த கையோடு ஒரு தாளில் கட்டம் கட்டமாக எழுதுவார். தேதி, இடம், மூன்றாவது கட்டத்தில் ஏற்றமா வற்றமா, அப்புறம் உப்பு, மூச்சு. கடல் பொங்கி ஆற்றுக்குள் ஏறி வந்தால் ஏற்றம். கடல் பின்வாங்கிச் சேறு தெரிந்தால் வற்றம். படித்தது நாலாம் வகுப்புதான் என்றாலும் கையெழுத்து கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும். மூன்றாவது கட்டத்தில் அவர் 'ஏற்றம்' என்று எழுதினால் அந்த 'ஏ' படகு மிதப்பதுபோல ஆடும்.

அவர் போனதும் ஏற்றத்தில் மட்டும்தான். அதற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம் வற்றத்தில் போய், படகின் விசிறி சேற்றில் மாட்டி உடைந்துவிட்டது. ஆறு மணி நேரம் நடுச்சேற்றில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் சொல்லுகிற கணக்கில் அது அறுபது மணி நேரம். காக்காய் ஒன்று அவர் தலையில் கூடு கட்டலாமா என்று சுற்றிச் சுற்றி வந்து அளவெடுத்ததாம். விசிறி போனதற்கு ஆபீஸில் வாங்கிய ஏச்சு வேறு. அன்றைக்கே சத்தியம் பண்ணினார், இனிமேல் தண்ணீர் நிறைந்தால்தான் படகை அவிழ்ப்பது என்று. அதற்கப்புறம் விசிறியில் ஒரு கீறல் கிடையாது. "படகை நல்லா பாத்துக்கிறார்" என்று ஆபீஸில் மாலைகூடப் போட்டார்கள்.

இத்தனையும் ஒரு திங்கட்கிழமை காலை ஒரு வாளியால் கவிழ்ந்தது.

வாளியைக் கொண்டுவந்தது அவருடைய அக்கா. மூன்று வயது மூத்தவள். சண்டையென்றால் முப்பது வயது மூத்தவள். முழங்கால் சேற்றில் பலகையை வழுக்கவிட்டுப் போய் மட்டி தோண்டுகிற முப்பது பெண்களுக்கு அவள்தான் முன்னால் போகிறவள். வந்த வேகத்தில் வாசற்படியில் வாளியைக் கவிழ்த்தாள். கொட்டியது மட்டி. எல்லாம் வாய் பிளந்து, உள்ளே கறுத்து. கிளம்பிய நாற்றத்தில் எதிர்வீட்டு ஜன்னல்கள் தாமாகவே மூடிக்கொண்டன.

"அக்கா, சொல்லிட்டுக் கொட்டக்கூடாதா? இப்பதான் வாசல் கழுவினது" என்றார் பாட்டில்.

"என் பொழப்பே கழுவிட்டுப் போயிருச்சு, உனக்கு வாசல் ஒரு கேடா? பத்து தோண்டினா எட்டு இப்படித்தான் வருது. நீ என்னடான்னா தண்ணி நல்லாருக்கு, தண்ணி நல்லாருக்குன்னு எழுதி அனுப்புற. உன் பாட்டில் பொய் சொல்லுதா, என் மட்டி பொய் சொல்லுதா?"

"பாட்டில் பொய் சொல்லாதுக்கா. மட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது."

"உனக்கு மட்டும் ரொம்பத் தெரியும்! வர்ற வியாழக்கிழமை பெரிய அதிகாரி வர்றாராம். ஆத்துல மேல இருக்கிற கெழங்கு மாவு ஆலைக்காரன் கழிவுத் தண்ணிய ரெண்டு மடங்கா விடணும்னு கேட்டிருக்கான். நீ எழுதின தாளைப் பாத்துத்தான் முடிவு பண்ணப்போறாங்களாம். ரெண்டு மடங்கு விட்டா மிச்சமிருக்கிற ரெண்டும் போயிரும். அப்புறம் நாங்க முப்பது பேரும் அந்தச் சேத்துலயே படுத்துக்க வேண்டியதுதான்."

பாட்டிலுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் பழக்கதோஷம். "நான் வாராவாரம் போறேன்க்கா. ஒரு செத்த மட்டிகூடக் கண்ணுல பட்டதில்ல" என்றார்.

அக்கா வாளியை எடுத்துக்கொண்டு இரண்டடி போனவள் நின்றாள்.

"டேய். ஒண்ணு கேக்கறேன். பதினொரு வருஷமா நீயும் அங்கதான் வேலை பாக்குற, நானும் அங்கதான் வேலை பாக்குறேன். ஒரு நாளாவது உன்ன நான் அங்க பாத்திருக்கேனா? ஒரு நாளாவது நீ என்ன பாத்திருக்கியா?"

கேட்டுவிட்டுப் போய்விட்டாள். சும்மா கேட்டதுதான். ஆனால் பாட்டில் செத்த மட்டிகளுக்கு நடுவில் அப்படியே நின்றார். அக்கா போவது சேறு தெரியும்போது. அவர் போவது சேறு மூழ்கியபிறகு. ஒரே வீட்டில் பகல் வேலைக்காரனும் ராத்திரி காவல்காரனும் குடியிருந்த மாதிரி, அக்காவும் தம்பியும் ஒரே கழிமுகத்தில் பதினொரு வருஷம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் வேலை செய்திருக்கிறார்கள்.

விறுவிறுவென்று உள்ளே போனார்.

வீட்டுக்குள் ஒரு மேஜை. அதன் ஒரு கால் குட்டை. முட்டுக்கு ஒரு புத்தகம். வேலையில் சேர்ந்த அன்று ஆபீஸில் கொடுத்த, தண்ணீர் எப்படிப் பிடிப்பது என்கிற புத்தகம். வாங்கிய அன்றே அதற்கு அந்த உத்தியோகம் கிடைத்துவிட்டது. குனிந்து உருவினார். மேஜை நொண்டியது. அதில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த மனைவி, "என்னங்க, ஊசி ஆடுது! இத்தனை வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் படிக்கணுமா?" என்றாள்.

எழுத்துக்கூட்டிப் படித்தார். பதினாறாவது பக்கத்தில் இருந்தது. வற்றத்தின் கடைசி அரை மணி நேரத்தில் தண்ணீர் பிடிக்க வேண்டும். அப்போதுதான் மேலிருந்து வருகிற கழிவு கலப்படமில்லாமல் தெரியும். ஏற்றத்தில் பிடித்தால் அது கடல் தண்ணீர்.

அது கடல் தண்ணீர். ஐந்நூற்றுச் சொச்சம் தாள், கல்யாணப் பத்திரிகைக் கையெழுத்தில், அவர் கடலுக்குத்தான் நாடி பிடித்திருக்கிறார். கடலுக்கு என்ன கேடு? அது எருமை மாதிரி ஆரோக்கியமாக இருக்கிறது. நோயாளி பக்கத்துக் கட்டிலில் மூச்சுக்குத் தவிக்க, இவர் பார்க்க வந்த மாமனின் கையைப் பிடித்து "பேஷ், பேஷ்" என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

"என்ன எழுதியிருக்கு?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. விசிறி ஒடஞ்சாலும் பரவால்லன்னு எழுதியிருக்கு."

மறுநாள் காலை வற்றத்தில் படகை அவிழ்த்தார். ஐந்து இடத்தில் இரண்டாவது இடம் வரைக்கும்தான் போக முடிந்தது. அங்கே விசிறி உறுமியது, கொஞ்சம் சேற்றைக் கடைந்தது, நின்றது. பதினொரு வருஷத்துக்கு முந்தைய அதே இடம். காக்காய்தான் வேறு.

தண்ணீர் கணுக்கால் அளவுக்கு ஒரு வாய்க்காலாக ஓடிக்கொண்டிருந்தது. மேலே வெண்ணிறமாக ஒரு ஏடு. புளித்த மாவு நாற்றம். பாட்டிலை முக்கினார். குமிழியைத் தட்டினார். முதல் மருந்து. இரண்டாவது மருந்து. தலைகீழாகக் கவிழ்த்து ஆட்டிவிட்டுப் படகின் பலகைமேல் வைத்தார்.

வெள்ளை. பால் திரிந்த மாதிரி, மெதுவாக, அடியில் போய் உட்கார்ந்தது. பழுப்பின் நிழல்கூட இல்லை.

இன்னொரு பாட்டில் பிடித்தார். மருந்து கெட்டிருக்கலாம் என்று புதுக் குப்பியை உடைத்தார். அதுவும் வெள்ளை. அப்புறம் அவர் ஒன்றும் பண்ணவில்லை. இரண்டு வெள்ளைப் பாட்டிலையும் மடியில் வைத்துக்கொண்டு, குழந்தை செத்துப்போன தாய் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

சளக் சளக்கென்று சத்தம் கேட்டது. பலகைமேல் ஒரு முழங்காலை ஊன்றி, மறுகாலால் சேற்றை உதைத்து வழுக்கிக்கொண்டு அக்கா வந்தாள். முகத்தில் பாதி சேறு.

"அடடே, ஆபீசர் எழுந்தருளியிருக்கார்! என்ன ஐயா, வழி தப்பி வந்துட்டீங்களா?" என்றாள். பக்கத்தில் வந்து அவர் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "என்னடா?"

அவர் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். "நான்தான்க்கா கொன்னுட்டேன்."

"நீ எங்கடா கொன்ன? ஆலைக்காரன் கொன்னான். நீ நல்லாருக்குன்னு சொல்லிட்டு நின்ன."

அது இன்னும் மோசமாக இருந்தது.

அக்காவின் வாளி பலகையில் இருந்தது. அடிகூட மறையவில்லை. அதில் ஒன்றிரண்டு வாய் மூடிக் கிடந்தன. மூடியிருந்தால் உயிர் இருக்கிறது.

ஏற்றம் வந்து படகு மிதந்ததும் நேரே ஆபீஸுக்குப் போனார். மேலாளர் மேடம் அவருக்குப் பதினைந்து வயது இளையவர். கெட்டவர் இல்லை. பயந்தவர். மேஜைமேல் வைத்த வெள்ளைப் பாட்டில்களைப் பார்த்துவிட்டு முதலில் எழுந்து கதவைச் சாத்தினார்.

"இத வேற யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"எங்க அக்காகிட்ட, மேடம்."

"சரி. அத்தோட விடுங்க. இது தற்செயலா ஒரு நாள் இப்படி இருக்கலாம்."

"இல்ல மேடம். அக்கா ரெண்டு வருஷமா இப்படித்தான்னு சொல்றா. நான் பிடிச்சதுதான் தப்பு. பதினொரு வருஷமும் தப்பு."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "அண்ணே, நான் சொல்றத கேளுங்க. அத்தனை தாளும் என் கையெழுத்தோடதான் மேல போயிருக்கு. தப்புன்னு நீங்க சொன்னா மொதல்ல உங்க வேலை போகும். ரெண்டாவது என் வேலை. உங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் இருக்கு. குடியிருக்கிற வீடும் ஆபீஸ் வீடு. வியாழக்கிழமை பின்வரிசையில சும்மா உக்காருங்க. அவ்வளவுதான் நான் கேக்கறது."

அன்று மாலை மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் மெஷினை மிதிப்பதை நிறுத்தவில்லை. நொண்டி மேஜை கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"வேலை போனா வீடும் போகும். எங்க போறது?" என்றாள்.

"தெரியல."

"உங்க அக்கா முகத்துல எப்படி முழிப்பீங்க? பேசாம இருந்தா?"

"அதுவும் தெரியல."

"தெரியலங்கறதுக்கு ஒரு பாட்டில் இருந்தா அதுல நீங்கதான் ஆபீசர்." ஒரு சட்டைக்கையைத் தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்தாள். "அந்தப் புத்தகத்த மறுபடியும் மேஜைக்கு அடியில வெக்காதீங்க. வேற ஏதாவது மரத்துண்டு வெச்சுக்கலாம்."

அவள் பதில் அதுதான் என்று அவருக்குப் புரிய ராத்திரி முழுக்க ஆனது.

வியாழக்கிழமை கூட்டம் கழிமுகத்தை ஒட்டியிருந்த பள்ளிக்கூடக் கூடத்தில் நடந்தது. மேடையில் பெரிய அதிகாரி. பக்கத்தில் மேடம். முன்வரிசையில் இஸ்திரி மடிப்பு கையை வெட்டுகிற சட்டையில் ஆலைக்காரர். பின்னால் முப்பது பெண்கள், காலையில் வற்றம் முடிந்து நேரே வந்தவர்கள். அவர்கள் நடந்துவந்த வழியெல்லாம் சேறு. தொட்டிலில் உட்காரவைத்த யானைபோல, குழந்தைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் முழங்காலை நெஞ்சுவரை மடக்கி உட்கார்ந்திருந்தார் பாட்டில். கையில் துணிப்பை.

அதிகாரி தாள்களைப் புரட்டினார். "அஞ்சு இடம், பதினொரு வருஷம். மூச்சுக்காத்து ஒரு தடவைகூட அளவுக்குக் கீழ போகல. இவ்வளவு சுத்தமான பதிவை நான் பாத்ததே இல்ல. ரொம்ப அழகா எழுதியிருக்காங்க. அப்புறம் என்ன ஆட்சேபணை?"

"மட்டி சாகுதுங்கய்யா" என்றாள் அக்கா.

"மட்டி சாகறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும்மா. எண் என்ன சொல்லுதோ அதத்தான் நான் பாக்க முடியும்." பேனாவைத் திறந்தார்.

பாட்டில் எழுந்தார். பெஞ்சு அவரோடு கொஞ்ச தூரம் ஒட்டிக்கொண்டு வந்து கீழே விழுந்தது. கூடம் சிரித்தது. மேடம் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார், வேண்டாம் என்று.

"ஐயா, அந்தத் தாளெல்லாம் நான் எழுதினதுங்க. அதுல மூணாவது கட்டத்த ஒருதரம் சத்தமா படிச்சிருங்க."

"எதுக்கு?"

"படிங்கய்யா. ஒரு வார்த்தைதான்."

அதிகாரி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "ஏற்றம்."

"அடுத்த தாள்?"

"ஏற்றம்."

"நடுவுல எதையாவது உருவிப் படிங்க."

"ஏற்றம்." இன்னொன்றை உருவினார். "ஏற்றம்." இன்னொன்று. அதற்குள் பின்வரிசையில் ஒருத்தி "ஏத்தம்" என்றாள். அடுத்த தாளுக்கு ஐந்தாறு பேர். அப்புறம் முப்பது பேரும், அதிகாரி வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வதுபோல "ஏத்தம்! ஏத்தம்!" என்றார்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அதிகாரியும் நிறுத்திவிட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஒரு வற்றம்கூட இல்லையா?" என்றார் மெதுவாக.

"இல்லைங்க. படகு மாட்டிக்கும்னு போகல. புத்தகத்த மேஜைக்கு முட்டு குடுத்திருந்தேன், படிக்கல. தப்பு என்னோடது. மேடம் நான் குடுத்ததுல கையெழுத்துப் போட்டாங்க, அவ்வளவுதான்." துணிப்பையிலிருந்து இரண்டு பாட்டிலை எடுத்து மேடைமேல் வைத்தார். "ரெண்டும் ஒரே இடம். பழுப்பா இருக்கே, அது நேத்து ஏத்தத்துல பிடிச்சது. வெள்ளையா இருக்கே, அது இன்னைக்குக் காலைல வத்தத்துல, எங்க அக்கா அவ பலகைல என்னை ஏத்திக்கிட்டுப் போய் பிடிச்சது. வெள்ளைன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும்."

ஆலைக்காரர் எழுந்து, "பாட்டில்ல அவர் என்ன கலந்தாரோ!" என்றார்.

"வாங்க, இப்பவே போகலாம்" என்றாள் அக்கா. "பலகை வெளியதான் இருக்கு. சட்டைய மட்டும் கழட்டிருங்க, மடிப்பு கலஞ்சிரும்."

அதிகாரி வெகுநேரம் வெள்ளைப் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னதை எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். ரெண்டு மடங்கு விட இப்போது அனுமதி கிடையாது. ஆனால் ஒரு பாட்டிலை வைத்து இப்போது விடுவதை நிறுத்தச் சொல்லவும் முடியாது. வாரம் ஒன்றாக, வற்றத்தில் பன்னிரண்டு தடவை தண்ணீர் பிடிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் பேச்சு.

"பன்னெண்டு வாரமா?" அக்கா எழுந்துவிட்டாள். "அதுவரைக்கும் மட்டிய மூச்சப் பிடிச்சுக்கிட்டு இருக்கச் சொல்லட்டுமா?"

அதிகாரி தாள்களை அடுக்கினார்.

பாட்டிலுக்கு அன்று சாயங்காலமே கடிதம் வந்தது. பதினொரு வருஷக் கவனக்குறைவுக்கு ஏன் வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று கேட்டிருந்தது. அதன் கீழேயே இன்னொரு கடிதம். பன்னிரண்டு வற்றத்திலும் அவரே போய்த் தண்ணீர் பிடிக்க வேண்டும் என்று. அந்தச் சேற்றில் காலை வைக்க வேறு ஆள் கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் படகைக் கட்டிப்போட்டுவிட்டு அக்கா கொடுத்த பழைய பலகையில் போனார். முதல் நூறடியில் ஏழு தடவை விழுந்தார். முப்பது பெண்களும் பலகையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "ஆபீசர் சேறு சாப்பிடுறார், உப்பு சரியா இருக்கான்னு பாக்கறார்" என்று ஒருத்தி சொன்னாள். அவரும் வாயைத் துடைத்துக்கொண்டு, "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார்.

முதல் நாலு இடத்திலும் வெள்ளை. ஐந்தாவது இடம் கடல்வாயை ஒட்டி. அங்கே பாட்டிலைக் கவிழ்த்து வைத்தபோது அடியில் வெளிறிய ஒரு பழுப்பு இறங்கியது. தண்ணீர் கலந்த டீ மாதிரி. அக்கா பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள்.

"இங்க மூச்சு இருக்கா?"

"கொஞ்சூண்டு இருக்கு."

அவள் தன் வாளியை இழுத்துப் பக்கத்தில் வைத்தாள். பிறகு வாளியிலிருந்து மூடிக் கிடந்த மட்டிகளை, விற்க எடுத்துவைத்ததை, ஒவ்வொன்றாகப் பொறுக்கி அந்தச் சேற்றில் கையால் குத்தி நட்டாள். பதிமூன்று இருந்தன. நிமிர்ந்து மற்றவர்களைப் பார்த்து, "உசுரோட இருக்கறத எல்லாம் இங்க கொண்டாங்கடீ!" என்று கத்தினாள்.

சேற்றின் நாலு மூலையிலிருந்தும் பலகைகள் திரும்பின. அன்றைக்கு விற்பதற்கு ஒன்றும் மிஞ்சாதே என்று ஒருத்தியும் சொல்லவில்லை. ஒருத்தி வாளியில் ஏழு. ஒருத்தியிடம் மூன்று. ஒருத்தி முந்தானையில் ஒன்றே ஒன்றை முடிந்துகொண்டு வந்தாள். பன்னிரண்டு வாரம் இவை தாங்குமா என்று பாட்டிலிடம் கேட்டாள்.

"வாராவாரம் வந்து பாக்கறேன். வெள்ளையாச்சுன்னா அந்த நிமிஷமே சொல்றேன், வேற எடத்துக்குத் தூக்கலாம்" என்றார்.

"இதுக்கு அந்தாண்ட கடல்தான்டா இருக்கு" என்றாள் அக்கா.

அவர் நனைந்த தாளை முழங்கால்மேல் விரித்து, மூன்றாவது கட்டத்தில் முதன்முதலாக 'வற்றம்' என்று எழுதினார். கை குளிரில் கோணியது. அழகாக வரவில்லை. அதற்குள் கடல் பக்கமிருந்து சலசலவென்று சத்தம் வந்தது. தண்ணீர் ஒரு விரற்கடை ஏறியிருந்தது.

"ஏத்தம் வருது, கெளம்பு" என்றாள் அக்கா.

பதினொரு வருஷமாக அவர் காத்துக் காத்துப் படகை அவிழ்த்த தண்ணீர் அது. இப்போது அது வந்து சேற்றை மூடி, வாய் பிளந்ததையும் மூடியதையும் ஒன்றாக மறைத்து, எல்லாம் நலம் என்று பளபளக்கப்போகிறது.

"இன்னும் நாலு நட்டுட்டு வர்றேன்க்கா" என்று சொல்லிவிட்டு அவர் கையைச் சேற்றுக்குள் விட்டார்.